புள்ளி அழியாத படம்

(சங்க வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



சங்கத்துக்கு ஓர் இணையத்தளம் அமைப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். பழைய ஆண்டு மலர்களும், விழாப் படங்களும், சங்கத்தின் இலச்சினையும் அதில் இடம்பெறவேண்டும் என்பது எல்லோருடைய விருப்பமுமாகும். அந்தப் படங்களை எந்த அளவில், எந்த வகையில், எவ்வளவு சுருக்கிச் சேமிப்பது என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்தார்கள். "பொத்தானை அழுத்தினால் முடிகிற காரியத்துக்கு ஒரு பேச்சா?" என்று பின்வரிசையில் ஒருவர் மெல்லக் கேட்டது என் காதிலும் விழுந்தது. அந்தப் பொத்தானைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

படம் திருத்தும் மென்பொருள்களிலே அந்தப் பொத்தானுக்கு 'ஏற்றுமதி' என்று பெயர். கொழும்புத்துறையில் நின்று ஏற்றுமதி என்று சொன்னால் பெரியோர்களுக்குப் புகையிலையும் தோணியும் நினைவுக்கு வரலாம். யாழ்ப்பாணப் புகையிலை ஒருகாலத்தில் கடல் கடந்து திருவிதாங்கூர் வரை போயிற்று. போகுமிடம் அறிந்து தரம் பிரித்துக் கட்டுவதே வியாபாரம். படத்தின் ஏற்றுமதியும் அத்தகையதே. யார் பார்க்கப் போகிறார்கள், எதற்காகப் பார்க்கப் போகிறார்கள் என்று அறியாமல் கட்டிய சிப்பம் வழியிலேயே கெட்டுப்போகும். அழுத்தியதும் அது நம்மிடம் சில கேள்விகளைக் கேட்கிறது: எந்த வகை? எத்தனை பிக்சல்? தரம் என்ன? நம்மிற் பலர் விடை சொல்லாமல் 'சரி' என்பதை அழுத்திவிடுகிறோம்.

முதலில் எளிதான விஷயத்தை முடித்துவிடுகிறேன். தேர்த் திருவிழாவிலே ஒருவர் கைத்தொலைபேசியாற் படம் எடுக்கிறார். அகலம் 4000 பிக்சல், உயரம் 3000 பிக்சல் என்று கொள்வோம். பெருக்கினால் ஒரு கோடியே இருபது இலட்சம். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைற்று. ஆகவே சுருக்காவிட்டால் அந்தப் படம் 36 மெகாபைற்று. தொலைபேசி அதை ஜேபெக் என்ற முறையாற் சுருக்கி ஏறக்குறைய நான்கைந்து மெகாபைற்றாக வைக்கிறது. அப்படியே இருபது படங்களைத் தளத்தில் ஏற்றினால் ஒரு பக்கத்தைத் திறப்பவர் நூறு மெகாபைற்று இறக்கவேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் நம்மவருக்கு அது பொருட்டன்று. பாசையூரில் டேற்றா முடிகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பாவிக்கும் ஒரு பிள்ளைக்கு அது ஒருநாட் பங்கு. இத்தனைக்கும் அந்தப் பிள்ளையின் தொலைபேசித் திரையின் அகலம் பெரும்பாலும் 1080 பிக்சல்தான். மீதிப் பிக்சல்களை இறக்கியபின் தொலைபேசியே எறிந்துவிடுகிறது.

ஆகவே நிழற்படங்களை 1080 இலிருந்து 1600 பிக்சல் வரையான அகலத்துக்குக் குறைத்து, ஜேபெக் தரம் 75 அல்லது 80 என வைத்து ஏற்றினாற் போதும். படம் ஒவ்வொன்றும் பெரும்பாலும் முந்நூறு கிலோபைற்றுக்குள் அடங்கிவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கூட்டம் நிறைந்த வீதி, மாவிலைத் தோரணம், மணல் என்று நுணுக்கம் மிகுந்த படமானால் கொஞ்சம் கூடும். வானமும் கடலுமான படம் மிகவும் குறையும்.

இங்கே ஒரு மயக்கத்தையும் போக்கிவிட வேண்டும். "இணையத்துக்கு 72 டீ.பி.ஐ. போடவேண்டும்" என்று சொல்லாதார் இல்லை. 1984 இல் வந்த மாக்கின்ரோஷ் கணினியின் திரையில் அங்குலத்துக்கு 72 பிக்சல் இருந்தன. அந்த எண் அன்றிலிருந்து மந்திரம்போல ஓதப்பட்டு வருகிறது. அகலம் 1600 பிக்சல் என்று நிச்சயித்தபின் அந்தக் கட்டத்தில் 72 என்று எழுதினாலும் 300 என்று எழுதினாலும் உலாவி காட்டும் படம் ஒன்றே. அச்சிடும்போதும் ஸ்கான் செய்யும்போதும் மட்டுமே அந்த எண்ணுக்கு வேலை உண்டு. ஸ்கான் செய்யும்போது அதற்கு எவ்வளவு பெரிய வேலை உண்டென்பதைப் பின்னாற் சொல்கிறேன்.

ஜேபெக் என்ற முறையின் உள்ளே என்ன நடக்கிறது? படத்தை எட்டுக்கு எட்டுச் சதுரங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு சதுரத்திலும் அறுபத்துநான்கு எண்கள். அவற்றை அப்படியே எழுதாமல், மெதுவாக மாறும் அலை இவ்வளவு, விரைவாக மாறும் அலை இவ்வளவு என்று பிரித்து எழுதுகிறார்கள். விரைவான அலைகளே நுண்ணிய கோடுகளையும் புள்ளிகளையும் தாங்குவன. நம் கண் அவற்றைக் கூர்ந்து பார்ப்பதில்லை என்பதால், தரத்தைக் குறைக்கக் குறைக்க அவற்றையே முதலில் வெட்டி விடுகிறார்கள். நிறத்தையும் பெரும்பாலான அமைப்புகளில் கால் பங்காகக் குறைக்கிறார்கள்.

இந்த அலைக் கணக்கைக் கண்டவர் பெங்களூரிற் பிறந்த நசீர் அகமது என்பவர். 1972 இல் இதை ஆராயப் பணம் வேண்டுமென்று அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவனத்திடம் விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. விடாது முயன்று நடராசன், ராவ் என்னும் இருவரோடு சேர்ந்து 1974 ஜனவரியிற் கட்டுரையை வெளியிட்டார். பதினெட்டு ஆண்டுகளின் பின், 1992 இல், ஜேபெக் முறை அதன்மேல் எழுந்தது. நடராசன் என்ற பெயர் கேட்டுச் சபையில் ஒரு மகிழ்ச்சி உண்டாவதைக் காண்கிறேன். மகிழலாம், ஆனால் தரம் 80 என்பது நூற்றுக்கு எண்பது பங்கு படம் என்று பொருள்படாது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். அது ஒரு படிக்கட்டின் எண் மட்டுமே. ஒரு மென்பொருளின் 80 உம் இன்னொன்றின் 80 உம் ஒன்றல்ல. 100 என்று வைத்தாலும் ஏதோ சிறிது போகவே செய்கிறது. திறந்து திருத்தித் திரும்பச் சேமிக்குந்தோறும் மேலும் கொஞ்சம் போகிறது.

வட்ஸ்அப் வழியாக வரும் படங்கள் இப்படி முன்னரே சுருக்கப்பட்டவை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் தம் தகப்பனாரின் பழைய சங்கப் படத்தை அனுப்பும்போது, அதைப் படமாக அனுப்பாமல் கோப்பாக, அதாவது 'டொக்கியூமென்ற்' என்பதாக, அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வார்த்தைதான், அதனால் நமக்கு வந்து சேரும் படம் வேறாகிவிடும்.

இவ்வளவும் நிழற்படத்துக்கு. இனி மலர்களுக்கு வருகிறேன். என் பேச்சின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

நிழற்படத்திலே ஒரு மாவிலையின் நரம்பு மறைந்தால் யாருக்கும் நட்டமில்லை. அச்சுப் பக்கத்திலே ஒரு புள்ளி மறைந்தால்? தமிழில் மெய்யெழுத்தை மெய்யாக்குவது அதன் தலைமேல் உள்ள புள்ளி. புள்ளி போனால் 'பல்' 'பல' ஆகும். 'கண்' 'கண' ஆகும். 'கல்வி' என்ற சொல்லின் நடுவெழுத்திலே புள்ளி போனால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை; முன்வரிசைப் பெரியோர்களின் புன்னகையே போதும்.

ஆங்கில எழுத்துக்கென்று செய்த அமைப்பு ஆங்கிலத்துக்குப் பொருந்தும். அங்கே ஐ என்னும் எழுத்தின் மேற்புள்ளி அழிந்தாலும் சொல்லை வாசித்துவிடலாம். நமக்கு அப்படியல்ல. ஆகவே மலர்களை ஏற்றும் அமைப்பைத் தெரிவு செய்வதற்கு நான் கண்ட அளவுகோல் ஒன்றே: பக்கத்தின் மிகச் சிறிய எழுத்திலே புள்ளி தெரிகிறதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தக் காலத்து அச்சிலே ஒரு புள்ளியின் விட்டம் அரை மில்லிமீற்றர் என்று கொள்வோம். அங்குலத்துக்கு 300 என்று ஸ்கான் செய்தால் அந்தப் புள்ளி ஏறக்குறைய ஆறு பிக்சல் அகலம் பெறும். 72 என்று செய்தால் ஒன்றரைப் பிக்சல்கூட இல்லை. ஒன்றரைப் பிக்சலிலே புள்ளி ஏது, தாளின் அழுக்கு ஏது? அதன்மேல் ஜேபெக் தரத்தையும் 40, 50 என்று இறக்கினால், எட்டுக்கு எட்டுச் சதுரத்திலே அந்தச் சிறு கறுப்பு விரைவான அலையாகக் கணிக்கப்பட்டு வெட்டுண்டு போகும். அல்லது எழுத்தைச் சுற்றி நுளம்பு மொய்த்ததுபோற் சாம்பற் பொட்டுகள் எழும். அப்போது இல்லாத இடத்திலும் புள்ளி தோன்றும். இழந்த புள்ளியைவிடப் பொய்ப் புள்ளி கொடியது என்பது என் கருத்து.

இது நமக்குப் புதிய தொல்லையன்று. ஓலையிலே எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுவோர் பெரும்பாலும் புள்ளி இடாமலே விட்டார்கள். பின்வந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமா? சிறுப்பிட்டியிலே பிறந்து வட்டுக்கோட்டை செமினரியிற் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தார்கள். புள்ளியில்லாத, செல்லரித்த ஏடுகளை வைத்துக்கொண்டு எது மெய், எது உயிர்மெய் என்று சொல் சொல்லாகத் தீர்மானித்த பெருமக்களில் அவர் ஒருவர். அவ்வளவு பாடுபட்டு அச்சிலே ஏறிய புள்ளியை, நாம் ஒரு கட்டத்தில் தவறான எண்ணை வைத்து மறுபடியும் ஏட்டுக் காலத்துக்கு அனுப்பிவிடுவதா?

அச்சு இம்மண்ணிலே எளிதாக வந்த பொருளுமன்று. 1841 இல் அமெரிக்க மிஷன் 'உதயதாரகை'யை வெளியிட்டது. நான் மிஷன் பள்ளிக்கூடத்திற் படித்தவன் என்பதால் இதை முதலிற் சொல்வதாக நினைக்கவேண்டாம்; 1849 இல் ஆறுமுக நாவலர் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் கொண்டுவந்ததையும் அதே மூச்சிற் சொல்கிறேன். இரு பக்கத்தாரும் போட்டிபோட்டு அச்சிட்டதனாலேதான் யாழ்ப்பாணத்தில் இவ்வளவு தாள் சேர்ந்தது. சேர்ந்த தாளுக்கு நேர்ந்ததையும் நீங்கள் அறிவீர்கள். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. கட்டடத்தை மீண்டும் எழுப்ப முடிந்தது. 2003 இற் கதவும் திறந்தது. ஒரே பிரதியாக இருந்தவற்றை எழுப்ப யாராலும் முடியவில்லை.

அந்த இழப்பை உணர்ந்தவர்கள் 2005 இல் 'நூலகம்' என்ற மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், சிறப்பு மலர்கள் என்று ஆயிரக்கணக்கானவற்றை ஸ்கான் செய்து யாரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறார்கள். நம்மைப் போன்ற சிறு சங்கங்களின் மலர்களும் அங்கே உண்டு. நாம் நம் தளத்திலே மலர்களை ஏற்றுவதோடு நின்றுவிடாமல், நல்ல பிரதி ஒன்றை அவர்களுக்கும் கொடுப்பது நன்று. ஒரே கூரையின் கீழ் எல்லாம் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை இந்த ஊருக்கு வேறு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

சரி, எப்படி ஸ்கான் செய்வது? அங்குலத்துக்கு 300 என்பது குறைந்த அளவு. அடிக்குறிப்பு, வாழ்த்துச் செய்திகளின் பொடியெழுத்து இருந்தால் 400. நம் மலர்ப் பக்கம் ஆறு அங்குல அகலமும் ஒன்பது அங்குல உயரமும் என்றால், 300 இல் 1800 க்கு 2700 பிக்சல் வரும். சாம்பல் நிறமாகச் சேமித்தால் சுருக்குமுன் ஏறக்குறைய ஐந்து மெகாபைற்று. முழு நிறமாகச் சேமித்தால் பதினான்கரை. வெறும் கறுப்பு வெள்ளையாக, அதாவது ஒவ்வொரு பிக்சலும் ஒன்று கறுப்பு அல்லது வெள்ளை என்று வைத்தால், அறுநூறு கிலோபைற்றுத்தான். இந்தக் கடைசி எண்ணைக் கண்டு மயங்கவேண்டாம்.

ஏனெனில் கறுப்பா வெள்ளையா என்று பிரிக்கும் எல்லையைக் கணினி தானே நிர்ணயிக்கிறது. அறுபது ஆண்டுத் தாள் பழுத்த பனையோலை நிறமாக மாறியிருக்கும். மை சில இடங்களில் வெளிறியிருக்கும். எல்லையைக் கொஞ்சம் ஒரு பக்கம் தள்ளினால் வெளிறிய புள்ளிகள் எல்லாம் வெள்ளையாகிப் போய்விடும். மற்றப் பக்கம் தள்ளினால் ண, ஞ, ஐ முதலிய எழுத்துகளின் சுழிகள் அடைபட்டுக் கறுப்புக் கட்டியாகும். மலருக்குள்ளே பழைய நிழற்படங்களும் உண்டல்லவா? 'புளொக்' செய்து அடித்த படங்கள் என்று பெரியோர்கள் சொல்வார்கள். அவை சிறுசிறு மைப்புள்ளிகளாலான படங்கள். கறுப்பு வெள்ளையிலே அவற்றில் முகம் இராது. ஆகையாற் சாம்பல் நிறமே நமக்குப் பொருந்தும். அட்டைக்கு முழு நிறம். மெல்லிய தாளில் மறுபக்கத்து எழுத்துத் தெரிந்தால், பக்கத்தின் பின்னே ஒரு கறுப்புத் தாளை வைத்து ஸ்கான் செய்யுங்கள். காசில்லாத உபாயம், நன்றாக வேலை செய்யும்.

கறுப்பு வெள்ளைச் சுருக்கத்திலே இன்னொரு பொல்லாப்பு உண்டு. 2013 இல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்ற கணினி விஞ்ஞானி ஒரு விநோதத்தைக் கண்டார். ஒரு வீட்டுப் படத்தை ஸெரொக்ஸ் இயந்திரத்தில் ஸ்கான் செய்தார்கள். அதிலே மூன்று அறைகளின் பரப்பு மூன்று வேறு எண்களாக இருந்தது. வெளிவந்த பிரதியிலே மூன்று அறைக்கும் 14.13 சதுர மீற்றர்! மங்கலாக இருந்தாற் சந்தேகம் வந்திருக்கும். எண்கள் மிகத் தெளிவாகவே இருந்தன. காரணம் ஜேபிக்-2 என்ற சுருக்க முறை. ஒரே மாதிரித் தெரியும் எழுத்துருவங்களை ஒன்றென்று கருதி, ஒன்றின் உருவத்தையே மற்றதன் இடத்திலும் ஒட்டிவிடுகிறது. ஆறும் எட்டும் இடம் மாறின.

எழுத்தெண்ணிப் பார்த்தால் நம் அச்சிலே இதற்கு எத்தனை இடம் உண்டு! 'ர'வும் காலும் ஒரே அச்செழுத்துப்போலத் தோன்றுவன. ன, ள, ண ஆகியவை பொடியெழுத்திலே உடன்பிறந்தார் போன்றவை. புள்ளியுள்ள 'ல்'லும் புள்ளியில்லாத 'ல'வும் அந்த இயந்திரத்தின் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தால், பக்கம் பளிச்சென்று இருக்கும். வாசகம் பொய்யாக இருக்கும். பீ.டீ.எப். ஆக்கும்போது இழப்புள்ள ஜேபிக்-2 என்ற தெரிவு எங்கே தென்பட்டாலும் அதை நீக்கிவிடுங்கள். கோப்புக் கொஞ்சம் பெரிதாகட்டும்.

ஸ்கான் செய்ததைப் பிறர் வாசிப்பதோடு, கணினியும் ஒருநாள் வாசிக்க வேண்டியிருக்கும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் தமிழுக்கும் வந்துவிட்டன. டெசராக்ற் என்பது இலவசமாகக் கிடைக்கிறது. நாளைக்கு ஒரு பேரன் தன் பாட்டனாரின் பெயரைத் தேடும்போது, படத்திலே புள்ளி இல்லையானால் அந்தப் பெயர் அகப்படாது. பெயர் அங்கே இருக்கும், தேடலுக்கு இராது.

இனி இரண்டு பிரதி என்ற விஷயம். ஸ்கான் செய்தவுடன் கிடைப்பதைத் தாய்ப்படி என்று சொல்வேன். அதை ரிஃப் அல்லது பி.என்.ஜி. என்ற இழப்பற்ற வகையிலே சேமித்து, பூட்டி வைக்கவேண்டும். அதைச் சுருக்கவோ அழகுபடுத்தவோ கூடாது. ஒன்று சங்கத்திலே, ஒன்று வேறொரு வீட்டிலே, ஒன்று கடல் கடந்த அன்பர் ஒருவரிடத்திலே என மூன்று இடத்தில் இருக்கட்டும். தளத்திலே ஏற்றுவது அதன் சேய். சேய் பழுதானால் தாயிடமிருந்து வேறொன்று செய்யலாம். இன்று ஜேபெக், நாளை வேறொன்று வரும். 2010 இற் கூகுள் வெப்பி என்பதைக் கொண்டுவந்தது. 2019 இல் ஏ.வி.ஐ.எவ். வந்தது. தாய்ப்படி இருந்தால் எதற்கும் அஞ்ச வேண்டியதில்லை. தாய்ப்படி இல்லாமற் சுருக்கியதையே வைத்துக்கொண்டு, மூலத் தாளையும் "இனி எதற்கு?" என்று கழித்துவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

தளத்துப் பக்கப்படம் 1600 பிக்சல் அகலம், சாம்பல் நிறம், ஜேபெக் தரம் 80 அல்லது 85. ஆறு அங்குலப் பக்கத்துக்கு இது அங்குலத்துக்கு 267 ஆகும். நம் அரை மில்லிமீற்றர்ப் புள்ளி ஐந்து பிக்சலாக நிற்கும். 800 பிக்சலுக்குக் குறைத்தால் இரண்டரைப் பிக்சல்தான். நிழற்படத்துக்கு அது போதும், எழுத்துக்குப் போதாது. கோப்பு அரை மெகாபைற்று வரலாம். வாசகர் நூறு பக்கத்தையும் ஒரே நேரத்தில் இறக்கமாட்டார்; வேண்டிய பக்கத்தைத் திறப்பார். எனவே மேலே தேர்ப் படத்துக்கு நான் காட்டிய சிக்கனத்தை இங்கே காட்டமாட்டேன். டேற்றா இல்லாத பிள்ளைக்கு இரங்கவேண்டும் என்பது சரிதான். ஆனால் வாசிக்க முடியாத பக்கத்தை மலிவாகக் கொடுப்பது இரக்கமாகாது.

வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளிலே தளம் அமைப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். அது நாம் ஏற்றிய படத்திலிருந்து பல சிறு அளவுகளைத் தானே செய்து, 82 என்ற தரத்திற் சேமித்து, திரைக்கேற்றதைக் கொடுக்கும். விழாப் படங்களுக்கு அது பெரிய உபகாரம். மலர்ப் பக்கங்களுக்கோ அது இரண்டாம் முறைச் சுருக்கம். ஆகவே பக்கங்களைச் சேர்க்கும்போது 'முழு அளவு' என்பதையே தெரிவு செய்யுங்கள்.

வெப்பி வகையைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். இன்றைய உலாவிகள் எல்லாம் அதைக் காட்டும். விழாப் படங்களுக்குத் தாராளமாகப் பாவிக்கலாம், ஜேபெக்கைவிடச் சிறிதாகும். ஆனால் இழப்புள்ள வெப்பி நிறத்தை எப்போதும் கால் பங்காகக் குறைத்தே வைக்கும். சிவப்பு மையில் அச்சிட்ட அட்டைத் தலைப்புக்கு அது வேண்டாம். ஓரம் கசிந்து தெரியும். ஜேபெக்கிலும் சிவப்பெழுத்துள்ள அட்டையானால் நிறக் குறைப்பை நிறுத்தும் தெரிவு உண்டு. ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் மேலதிகத் தெரிவுகளைத் திறந்தால் அது தென்படும். ஏ.வி.ஐ.எவ். இன்னும் சிறிதாகச் சுருக்கும். ஆயினும் சங்கத்துப் பெரியோர்கள் பலர் பழைய தொலைபேசியைப் பாவிப்பதால் இப்போதைக்கு அதைத் தள்ளி வைக்கலாம் என்பது என் எண்ணம்.

இலச்சினை இரண்டு வார்த்தையில் முடியும். அது கோடும் வளைவும் சில நிறங்களுமே. எஸ்.வி.ஜி. என்ற வகையிலே கோடுகளாகவே வரைந்து வைத்தால் எவ்வளவு பெருப்பித்தாலும் மங்காது. கோப்பும் மிகச் சிறிது. வரையத் தெரிந்தவர் கிடைக்கும்வரை பி.என்.ஜி. ஜேபெக் மட்டும் கூடாது.

நிறம் பற்றி ஒரு குறிப்பு. புதிய தொலைபேசிகள் பரந்த நிறவெளியிற் படம் எடுக்கின்றன. ஏற்றுமதி செய்யும்போது எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிறவெளிக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாமல், நிறக் குறிப்பையும் நீக்கிவிட்டால் பட்டின் சிவப்பும் செவ்வரத்தம்பூவும் வெளிறித் தெரியும்.

படத்தோடு கூடவே ஒளிந்து போகும் செய்தி ஒன்றும் உண்டு. தொலைபேசியில் இடங்காட்டி திறந்திருந்தால், எடுத்த நாளும் நேரமும் மட்டுமன்றி எடுத்த இடமும் படத்துக்குள் எழுதப்படும். கோயில் வீதியிலே எடுத்தது என்றாற் பாதகமில்லை. ஒருவர் வீட்டு முற்றத்திலே பிள்ளைகள் பாடுகிற படம் என்றால், அந்த வீட்டை உலகுக்குக் காட்டிக் கொடுத்ததாகும். விழாப் படங்களை ஏற்றுமதி செய்யும்போது அந்தக் குறிப்புகளை நீக்கும் தெரிவை இடவேண்டும். தாய்ப்படியிலே அவை இருக்கட்டும். எந்த ஆண்டு எடுத்ததென்று அறிய உதவும்.

படத்தின் விளக்கத்தைத் தமிழிலே எழுதுங்கள். கண் தெரியாதவருக்குக் கணினி அதை வாசித்துச் சொல்லும். 'படம் 1', 'படம் 2' என்று எழுதினால் அவருக்கு ஒன்றுமில்லை. நிற்போர், இருப்போர் என்று பழைய மலர்களிலே இடமிருந்து வலமாகப் பெயர் எழுதும் வழக்கம் இருந்ததல்லவா? அதையே எழுதினாற் போதும். அந்தப் படங்களில் உள்ளவர்களை அடையாளம் காணக்கூடியவர்கள் இன்று இந்தச் சபையிலே சிலரே இருக்கிறார்கள். பிக்சல் கணக்கை அடுத்த ஆண்டும் பார்க்கலாம். பெயர்களை இந்த மாதமே கேட்டு எழுதிவிட வேண்டும்.

வாசலருகே மேசையில் ஒரே மலர்ப் பக்கத்தின் மூன்று அச்சுப்படிகளை வைத்திருக்கிறேன். ஒன்று தாய்ப்படியிலிருந்து எடுத்தது. ஒன்று 1600 பிக்சல், தரம் 85. மற்றது 800 பிக்சல், தரம் 40. எது எது என்று எழுதவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றும் அருகில் உண்டு. போகும்போது பார்த்து, புள்ளி எங்கே குறைகிறது, எங்கே கூடுகிறது என்று பென்சிலாற் குறித்துச் செயலாளரிடம் கொடுத்துச் செல்லுங்கள். அந்தக் குறிப்புகளை வைத்தே எண்களை முடிவு செய்வோம்.